தள்ளிப்போடும் பழுதும் ஏறிக்கொண்டே போகும் கடனும்

2022 ஜனவரி 28 அன்று, பொழுது புலர்வதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ என்ற பாலம், தன்மீது சென்றுகொண்டிருந்த ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் கீழேயிருந்த பள்ளத்தாக்கில் சரிந்து விழுந்தது. பலர் காயமடைந்தனர்; உயிரிழப்பு நேரவில்லை. அந்தப் பாலம், வண்ணம் பூசத் தேவையில்லாத ஒருவகை எஃகால் கட்டப்பட்டது. மழையில் நனைந்து பிறகு காய்ந்துவிட்டால், அந்த எஃகின் மேற்பரப்பில் மெல்லிய துருப்படலம் ஒன்று படிந்து, உள்ளேயிருக்கும் உலோகத்துக்கு அதுவே காப்பாக நின்றுவிடும். ஆனால் அது காய வேண்டும். பாலத்தின் மேல்தள வடிகால்களில் இலைதழையும் மண்ணும் அடைத்துக்கொண்டதால், நீர் பாலத்தின் கால்கள் வழியே வழிந்து, அவற்றின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தேங்கி, எஃகை எந்நேரமும் ஈரத்திலேயே வைத்திருந்தது. ஆய்வாளர்கள் இதைக் கவனித்துத் தங்கள் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்தப் பரிந்துரைகளின்மீது மாநகராட்சி நடவடிக்கை எடுக்கத் தவறியதே அரிப்புக்கும் அதன்வழி நேர்ந்த சரிவுக்கும் காரணம் என்று, அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-இல் முடிவு கூறியது.

தொடக்கத்திலேயே அந்த வடிகால்களைத் தூர்வாரியிருந்தால், ஓர் ஏணியும் சில தொழிலாளர்களின் கூலியும் போதுமானதாக இருந்திருக்கும். இடிந்த பாலத்துக்கு மாற்றாகப் புதிய பாலம் கட்ட ஏறத்தாழ 2.5 கோடி டாலர் ஆயிற்று. வயதாகும் பொதுக் கட்டமைப்புகளைச் செப்பனிட ஒரு நாடு எங்கிருந்து பணம் திரட்டுவது என்ற கேள்விக்கு விடை தேடும் எவரும், இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடும் அரசு, செலவை மிச்சப்படுத்தியதாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. உண்மையில் அது கடன் வாங்கியிருக்கிறது. கடன் கொடுத்தவர் யார், வட்டி என்ன, தவணை எப்போது என்பதையெல்லாம் எங்கும் எழுதிவைக்காமல் வாங்கியிருக்கிறது. எந்த வங்கியும் கேட்கத் துணியாத வட்டி அது.

இந்த வட்டி ஏன் இவ்வளவு கடுமையாக ஏறுகிறது என்பதற்குப் பொருளியலைவிடப் பொறியியலே தெளிவான விடை தருகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பியைக் காரத்தன்மை கொண்ட கான்கிரீட்டே பாதுகாக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோ, கடற்காற்றிலும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பிலும் உள்ள குளோரைடோ மெல்ல உள்ளே ஊடுருவிக் கம்பியை எட்டும்வரை, வெளியே எந்த மாற்றமும் தெரியாது. எட்டியதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவின் வழியே இன்னும் அதிக நீர் இறங்குகிறது. துரு இன்னும் விரைவாகப் பரவுகிறது. தார்ச்சாலையிலும் இதே கதைதான். மேற்பரப்பின் விரிசலை உரிய காலத்தில் அடைத்தால் வேலை அதோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் நீர் அடித்தளம்வரை இறங்கி, சாலையை முழுவதுமாகப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டிய நிலை வரும். ஆப்பிரிக்க நாடுகளின் சாலைகளைப் பற்றி உலக வங்கி 1994-இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, அதற்கு முந்தைய பத்தாண்டில் 1,200 கோடி டாலரை உரிய காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்றது. அந்த நாடுகள் ஏழ்மையால் பராமரிப்பைக் கைவிட்டன என்று சொல்வது பாதி உண்மை. பராமரிப்பைக் கைவிட்டதால் மேலும் ஏழையாயின என்பது மீதிப் பாதி.

இத்தனை தெளிவான கணக்கை அரசுகள் ஏன் காண்பதில்லை? காணும்படி எழுதப்படாததால்தான். ஓராண்டின் வரவையும் செலவையும் மட்டும் பதிவுசெய்யும் ரொக்கக் கணக்குமுறையில், ஒரு பாலத்தைக் கட்டும்போது செலவு தெரிகிறது. அது ஆண்டுக்கு ஆண்டு தேய்வது தெரிவதில்லை. பராமரிப்பு ஒதுக்கீட்டை வெட்டும் நிதியமைச்சருக்குப் பற்றாக்குறை குறைந்துவிட்டதாக அதே கணக்கு சான்றிதழ் வழங்குகிறது. புதிய பாலத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. தூர்வாரப்பட்ட வடிகாலுக்கு இவற்றில் எதுவுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்து, நிறுவனங்களைப் போலவே தன் சொத்து, கடன், தேய்மானம் அனைத்தையும் காட்டும் கணக்குமுறைக்கு மாறியது. அந்நாட்டின் உள்ளாட்சிகள் இன்று முப்பது ஆண்டுகளுக்கான கட்டமைப்புத் திட்டத்தையும் அதன் செலவையும் மக்கள்முன் வைக்க வேண்டும் என்பது சட்டம். கணக்குமுறையை மாற்றுவதால் ஒரு காசுகூடப் புதிதாக வந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் பணம் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்ணுக்குத் தெரியாத கடனை அடைக்க எவரும் வரி கட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பணம் என்ற பேச்சு எழுந்தவுடன் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இன்று பணத்தை முன்னே எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். இறுதியில் அதைச் சுமப்பவர் வேறொருவர். வங்கியோ, பத்திரம் வாங்கும் முதலீட்டாளரோ, தனியார் நிறுவனமோ முதல் வகையைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் வகையில் இருப்பவர்கள் எப்போதுமே இருவர்தான்: வரி செலுத்துபவர்கள், கட்டணம் செலுத்திப் பயன்படுத்துபவர்கள். தனியார் முதலீட்டைக் கொண்டுவந்து பழுதுபார்க்கப் போகிறோம் என்று ஓர் அரசு அறிவிக்கும்போது, அந்த முதலீட்டை இலாபத்தோடு திருப்பித் தரப்போவது யார், எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்வி அந்த அறிவிப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

சிகாகோ மாநகரம் 2008-இல் தன் தெருக்களில் வாகனம் நிறுத்தும் கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை 75 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு, ஏறத்தாழ 115 கோடி டாலரை ஒரே தவணையில் பெற்றுக்கொண்டது. அந்த உரிமையின் மதிப்பு வாங்கிய தொகையைவிட 97 கோடி டாலர் அளவுக்கு அதிகம் என்று மறுஆண்டே மாநகரத்தின் தலைமை ஆய்வாளர் கணக்கிட்டார். கையில் வந்த பணத்தின் பெரும்பகுதி வரவு-செலவுப் பற்றாக்குறையை அடைக்கச் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. விதைநெல்லை அவித்துத் தின்ற கதைதான். இதைவிடவும் வருத்தம் தருவது ஒன்றுண்டு: பழுதுபார்ப்பதற்காகவோ விழாவுக்காகவோ ஒரு தெருவை மூடினால், அதனால் இழக்கும் வருமானத்துக்கு மாநகரமே நிறுவனத்துக்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது.

இங்கிலாந்தின் குடிநீர், கழிவுநீர் நிறுவனங்கள் 1989-இல் தனியார்மயமானபோது, அவற்றின் பழைய கடனை அரசு நீக்கிக் கொடுத்தது. அவற்றுள் மிகப் பெரியதான தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் கடன் 2024-க்குள் 1,500 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் வழங்கப்பட்டது; குழாய்களில் நீர் கசிவதும் ஆறுகளில் கழிவுநீர் கலப்பதும் நிற்கவில்லை. தனியார் நிறுவனங்கள் எதையும் சரியாகச் செய்யாது என்று நான் சொல்லவரவில்லை. 1989-க்குப் பிறகு அங்கு பெருந்தொகை முதலீடு செய்யப்பட்டதும் உண்மை. ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு குழாயின் நிலையைச் சரிபார்க்க நுகர்வோருக்கு வழியில்லாதபோது, பராமரிப்பில் விட்டுப்போகும் ஒவ்வொரு பவுண்டும் இலாபமாகத் தோன்றும் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் எந்நாளும் மறந்துவிடக் கூடாது.

இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்த மொராண்டி பாலம் இதை மிகக் கொடிய முறையில் உணர்த்திற்று. 1967-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தளத்தைக் கோபுரங்களிலிருந்து இழுத்துத் தாங்கிய கம்பிகள் கான்கிரீட்டுக்குள் பொதியப்பட்டிருந்ததால், உள்ளே நடந்த அரிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஒரு கோபுரத்தின் கம்பிகளுக்கு வெளிப்புறமாகப் புதிய கம்பிகளைச் சேர்த்து வலுவூட்டினார்கள். மற்ற இரண்டு கோபுரங்களுக்கு அந்த வேலை நடக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று அவற்றுள் ஒன்று இடிந்து 43 பேர் உயிரிழந்தனர். 1999-இல் தனியார்மயமான நிறுவனம் ஒன்று சுங்கக் கட்டணம் வசூலித்து நடத்திவந்த நெடுஞ்சாலை அது. ஆகவே அங்கே பணம் வராமல் போகவில்லை. சுங்கச்சாவடியில் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது. வந்த பணம் எந்த வேலைக்கு முதலில் போக வேண்டும் என்பதைக் கட்டாயப்படுத்தும் கை வலுவாக இல்லை. 2022-இல் இத்தாலியின் அரசுசார் நிதி நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்பு, அந்த நெடுஞ்சாலை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது.

சரி, இறுதியில் சுமப்பவர் வரி செலுத்துபவரா, பயன்படுத்துபவரா? சாலைகளைப் பொறுத்தவரை, பயன்படுத்துபவரே முதன்மையாகச் செலுத்த வேண்டும் என்பதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து, அவற்றில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டி ஆராய்ந்தபோது, வாகனத்தின் ஓர் அச்சு (இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) சாலைக்கு விளைவிக்கும் சேதம் அதன் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் உயர்வது தெரியவந்தது. அதாவது அச்சின் சுமை இரண்டு மடங்கானால், சேதம் 16 மடங்கு. இந்தக் கணக்கின்படி ஒரு கார் சாலைக்குச் செய்யும் சேதத்தைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை. பாரம் நிறைந்த லாரிகளே சாலையைத் தின்கின்றன. ஆனால் எரிபொருள் வரியில் லாரி செலுத்தும் பங்கு, அது விளைவிக்கும் சேதத்தின் பங்குக்கு அருகில்கூட வருவதில்லை. சுவிட்சர்லாந்து 2001 முதல் கனரக வாகனங்களிடம் எடை, ஓடிய தூரம், புகையின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனி 2005 முதல் நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்குத் தூரக் கட்டணம் விதிக்கிறது.

எரிபொருள் வரியை நம்பியிருக்கும் நாடுகளுக்குக் காலம் வேகமாகக் கடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மத்திய அரசு ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட் வரி வாங்குகிறது. 1993-இலிருந்து அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. விலைவாசி உயர்வில் அதன் மதிப்பு பாதிக்கும் மேல் தேய்ந்துவிட்டது. அந்த வரியை நம்பி 1956-இல் தொடங்கப்பட்ட நெடுஞ்சாலை நிதியம் தன் செலவைத் தானே தாங்க முடியாமல், 2008-இலிருந்து பொது வரவிலிருந்து 25,000 கோடி டாலருக்கும் மேல் பெற்றிருக்கிறது. மின்வாகனங்கள் பெருகப் பெருக இந்த ஊற்று இன்னும் வற்றும். நியூசிலாந்தில் டீசல் வாகனங்கள் 1970-களின் இறுதியிலிருந்தே ஓடும் தூரத்துக்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்திவருகின்றன. 2024 ஏப்ரலில் மின்வாகனங்களும் அந்த முறைக்குள் வந்தன. எடையும் தூரமும் சேர்ந்த கட்டணமே சாலைப் பராமரிப்புக்கு நேர்மையான நீண்டகால ஊற்று என்பது என் கருத்து. வாகனம் எங்கெங்கே சென்றது என்ற விவரத்தை அரசு சேகரிக்குமோ என்ற அச்சம் மக்களுக்கு இருக்கிறது, அது நியாயமான அச்சமும்கூட. தூரம் காட்டும் மீட்டரைப் படித்தாலே கட்டணத்தைக் கணக்கிட்டுவிடலாம். பயணத்தைப் பின்தொடர வேண்டிய தேவை இல்லை.

இப்படி வரும் பணத்தைத் தனி நிதியமாக வைத்தால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. 1990-களில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எரிபொருள் தீர்வையைக் கொண்டு சாலைப் பராமரிப்பு நிதியங்கள் உருவாக்கப்பட்டன. கானா 1997-இல் அதற்கெனச் சட்டமே இயற்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017-இல், தனித்து ஒதுக்கப்பட்ட நிதிகள் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு விதித்து மிகுதியைப் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பும் சட்டத்தை அதே நாடு கொண்டுவந்தது. நிதியமைச்சகத்தின் தரப்பிலும் ஞாயம் உண்டு: வரவையெல்லாம் பல பெட்டிகளில் பூட்டிவைத்துவிட்டால், பஞ்சமோ கொள்ளைநோயோ வரும்போது எடுத்துச் செலவழிக்க எதுவும் மிஞ்சாது. எனவே பெட்டிக்குப் பூட்டுப் போடுவதைவிட, பெட்டிக்குள் எதற்கு முதலிடம் என்பதை வரையறுப்பது கூடுதலாகப் பயன்தரும். 2014-இல் சுவிஸ் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்று 2016 முதல் நடைமுறைக்கு வந்த இரயில் கட்டமைப்பு நிதியத்தின் சட்டம் இதைச் செய்கிறது. அந்த நிதியத்தின் பணம் முதலில் இயக்கத்துக்கும் இருப்பதைப் பேணுவதற்கும் போக வேண்டும். புதிய பாதை அதற்குப் பிறகுதான். நான் படித்த நிதி ஏற்பாடுகளில் மிகவும் மதிப்பது இதையே.

பயனாளர் கட்டணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குடிநீர்க் குழாயின் பயன் அதன் சந்தாதாரரோடு நிற்பதில்லை. தொற்றுநோய் பரவாமல் ஊரே பயனடைகிறது. மக்கள்தொகை சுருங்கிவரும் ஊர்களில் குழாயின் நீளம் குறைவதில்லை, செலவைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களே குறைகின்றன. அங்கே முழுச் செலவையும் கட்டணத்தில் ஏற்றினால், ஏழைகள் தண்ணீரைத் துண்டித்துக்கொள்ள நேரும். இத்தகைய இடங்களில் நாட்டின் பொது வரியே தாங்க வேண்டும். பெரும்பாலோர் செலுத்தக்கூடிய கட்டணமும், இயலாதவர்களுக்கு நேரடி மானியமும் சேர்ந்த முறையே நல்லது; எல்லோருக்கும் கட்டணத்தைச் செயற்கையாகக் குறைத்துவைப்பது வசதியானவர்களுக்கே அதிகம் உதவுகிறது, குழாயோ கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

அடுத்தது கடன். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு ஆண்டு வருமானத்திலிருந்தே செலுத்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பல பத்தாண்டுகளாகக் குவிந்துவிட்ட பழுதுகளை அகற்றி, இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் நிற்கப்போகும் பாலத்தைப் புதுப்பிக்க நீண்டகாலக் கடன் வாங்குவது வேறு விஷயம். அதைப் பயன்படுத்தப்போகும் தலைமுறையும் பங்கு செலுத்துவது முறைதான். ஜெர்மனி இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுத்தது. 2009-இல் அரசியல் சட்டத்திலேயே கடனுக்குக் கடிவாளம் போட்ட அந்நாட்டின் கணக்குப் புத்தகம் உலகம் மெச்சும்படி இருந்தது. 2021 டிசம்பரில் ராமேடே பள்ளத்தாக்கைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலம் திடீரென மூடப்பட்டு, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தின் தொழிற்சாலைகளுக்கான லாரிகள் எல்லாம் சிறிய ஊர்த்தெருக்களில் நெரிந்தன. 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி, டிராம் வண்டி கடந்துசென்ற சில நிமிடங்களில் எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 50,000 கோடி யூரோவுக்குச் சிறப்பு நிதியத்தைக் கடன்வாங்கி அமைக்க அந்நாடு முடிவெடுத்தது. வட்டி மிகக் குறைவாக இருந்த 2010-களில் செய்திருக்க வேண்டிய வேலை, வட்டியும் கட்டுமானச் செலவும் உயர்ந்த பிறகு தொடங்குகிறது. ஒரே தவணையாகக் கொட்டப்படும் பெருந்தொகைக்கு இன்னொரு குறையும் உண்டு. அமெரிக்கா 2021-இல் ஏறத்தாழ 55,000 கோடி டாலர் புதிய ஒதுக்கீட்டை அறிவித்தபோதும் நேர்ந்ததுபோல, எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் ஒப்பந்ததாரர்களைத் தேடும்போது விலை ஏறி, பணத்தின் ஒரு பகுதி வேலையாக மாறாமலே போய்விடும்.

பராமரிப்புச் செலவு ஒருநாளும் முடிவதில்லை என்பதை ஜப்பான் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. 2012 டிசம்பர் 2 அன்று சசாகோ சுரங்கப் பாதையின் உட்கூரைப் பலகைகள் இடிந்து விழுந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்தப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் காதால் கேட்டுப் பிடிப்புத் தளர்ந்திருக்கிறதா என்று கண்டறியும் சோதனை, உச்சிப் பகுதியில் 12 ஆண்டுகளாகச் செய்யப்படவில்லை. 2014 முதல் அந்நாட்டின் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அருகே சென்று கண்ணால் பார்த்து ஆய்வுசெய்வது கட்டாயமாயிற்று. செலவின் உண்மையான அளவு தெரியவந்ததும், 2050-இல் நெடுஞ்சாலைகள் கட்டணமற்றவையாகிவிடும் என்று அளித்திருந்த வாக்கை அரசு திரும்பப் பெற்றது; கட்டணக் காலம் 2065 வரை நீட்டிக்கப்பட்டு, 2023-இல் இயற்றிய சட்டத்தால் 2115 வரை போயிருக்கிறது. சாலை கட்டிய கடன் அடைந்துவிட்டால் செலவு முடிந்துவிடும் என்ற நினைப்பை ஒரு நாடு சட்டத்தின் வழியே கைவிட்டது இது.

ஆனால் சுங்கம் வாங்க முடிந்த நெடுஞ்சாலைகள் கட்டமைப்பின் ஒரு சிறு பகுதிதான். ஜப்பானிலுள்ள ஏறத்தாழ 7.3 லட்சம் சாலைப் பாலங்களில் பெரும்பாலானவை நகராட்சிகள், சிற்றூர் நிர்வாகங்களின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் பல இடங்களில் கட்டுமானப் பொறியாளர் ஒருவர்கூடப் பணியில் இல்லை. அதனால் சில நிர்வாகங்கள் ஊர்மக்களைக் கூட்டி, எந்தப் பாலத்தைச் செப்பனிடுவது, எதை நிரந்தரமாக அகற்றிவிட்டுச் சற்றுச் சுற்றிப் போவது என்று பேசி முடிவெடுக்கத் தொடங்கியிருக்கின்றன. மத்தியில் எவ்வளவு பணம் திரட்டினாலும், அந்தக் கூட்டத்துக்குச் சுத்தியலோடு பாலத்தடியில் இறங்கி வந்த ஒருவரின் அறிக்கை தேவைப்படுகிறது. அவருடைய சம்பளம் நன்கொடையாகவோ சிறப்புத் திட்டமாகவோ வராமல், ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையின் வழக்கமான செலவுக்குள் இருந்தாக வேண்டும்.